அலாஸ்கா கப்பலில் இரண்டு ஓட்டல், மூன்று பில்

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு சைவ ஓட்டலில் 31 வருஷம் சப்ளையராக இருந்தார். சோம்புத் தட்டில் பில்லை வைத்துவிட்டால் அந்த மேசைப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டார். சாப்பிட்டவர் படி இறங்கிப் போன பிறகுதான் தட்டை எடுப்பார். நாலணா இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி, அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்தக் காசில்தான் எனக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்கினார்கள். நான் எந்த ஓட்டலுக்குப் போனாலும் சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவருகிறவரைப் பார்ப்பது இதனால்தான். இந்த விமர்சனமும் அப்படித்தான் இருக்கும்.

2024 ஜூன் மாதம் சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எங்களுடைய 35-வது கல்யாண நாளுக்காக மகளும் மாப்பிள்ளையும் அலாஸ்கா கப்பலில் டிக்கெட் போட்டிருந்தார்கள். ஏழு இரவு. சியாட்டிலில் ஏறி, ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிக்கன் பார்த்து, கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நின்று திரும்ப வேண்டும். நான், மனைவி, மகள், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி என்று ஐந்து பேர். கப்பலின் பெயரை எழுதவில்லை. ஒரு குறையும் சொல்லப்போகிறேன், அது அங்கே வேலை செய்கிறவர்கள் தலையில் விடியக் கூடாது.

கப்பலில் போகாதவர்களுக்கு ஒரு விஷயம். டிக்கெட் விலையிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம். பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று, நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே ஒன்று. இவை போக, தனியாகக் காசு கட்டிச் சாப்பிடும் சின்ன ஓட்டல்கள் நாலைந்து இருக்கும். இத்தாலியச் சாப்பாடு, ஸ்டேக், ஜப்பானிய இரும்புக்கல் சமையல் என்று ஒவ்வொன்றும் ஒரு வகை. ஆளுக்கு இவ்வளவு என்று கவர் சார்ஜ் வாங்குவார்கள்.

இந்த ஏற்பாடு நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கிலேயே முதல் வகுப்புக்காரர்கள் தனிக்காசு கொடுத்துச் சாப்பிடும் ஓட்டல் ஒன்று இருந்தது. லூயிஜி கட்டி என்ற இத்தாலியர் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். அவரிடம் வேலை செய்த எழுபது பேருக்குக் கொஞ்சம் குறைவான ஆட்களில் உயிரோடு கரை சேர்ந்தவர்கள் 3 பேர்தான். கட்டியும் போய்விட்டார். பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த இளம் பையன்கள். டைட்டானிக் என்றால் எல்லாரும் அந்தப் பெரிய படிக்கட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு இந்தச் சப்ளையர்களின் நினைவுதான் வரும்.

சரி, எங்கள் கப்பலுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் இரவு இத்தாலிய ஓட்டல். கவர் சார்ஜ் பெரியவர்களுக்கு 40 டாலர், பேத்திக்கு 10. எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தோம். ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் எட்டு மணிக்கு நம்மூர் நாலரை மணி போல வெயில் அடிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கடல், தூரத்தில் பனி மூடிய மலை. எங்கள் மேசைக்கு வந்த சப்ளையர் பாலித் தீவுக்காரர். சட்டையில் குத்தியிருந்த பட்டையில் பெயரும் அதற்குக் கீழே இந்தோனேசியா என்றும் இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கலாம்.

என் மனைவி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நான் மீன் சாப்பிடுவேன். மகள் இதைச் சொன்னதும் அவர் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், பல இடங்களில் அப்படித்தான் போவார்கள். அவர் மெனு அட்டையை வாங்கி மேசைமேல் விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எங்கள் பாஸ்தா இங்கேயே பிசைவது, அதில் முட்டை சேரும், அது உங்களுக்கு வேண்டாம், காய்ந்த பாஸ்தா இருக்கிறது, அது வெறும் கோதுமை, அதில் செய்யச் சொல்கிறேன் என்றார். ரிசோட்டோ சைவம் மாதிரி தெரியும், ஆனால் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்கிறோம். சீசர் சாலட்டில் ஊற்றுவதில் நெத்திலி மாதிரி ஒரு மீன் அரைத்துச் சேர்க்கிறோம். கடைசியில் ஒன்று சொன்னார், அதுதான் என் மனைவியை அசத்திவிட்டது. மேலே துருவிப் போடும் பர்மேசான் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளை வைத்துத் திரிப்பது, அதைச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்.

அமெரிக்காவில் நான்கு தடவை வந்து தங்கி, எத்தனையோ பீட்சா சாப்பிட்டிருக்கிறோம். யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. மனைவி என்னைப் பார்த்து, “ஏங்க, இத்தனை நாள் இது தெரியாமல் சாப்பிட்டிருக்கிறோமே” என்றாள். சைவக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த நாலையும் குறித்துக்கொள்ளுங்கள், கரையில் இருக்கும் இத்தாலிய ஓட்டல்களிலும் இதே கதைதான்.

அடுத்து, வெங்காயம் பூண்டு உண்டா என்றும் கேட்டார். கப்பலில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் நிறைய வருவதால் ஜெயின் என்ற சொல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாங்கள் உண்டு என்றதும் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார். வந்தது தக்காளி, கத்தரிக்காய், துளசி மாதிரி ஓர் இலை போட்ட பாஸ்தா. சூடு, காரம் இரண்டும் சரியாக இருந்தன. கேட்காமலே மிளகாய்த் துகளை ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார்.

இதைவிட ஒன்று. என் பேத்திக்கு இடது கைப் பழக்கம். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இன்னும் அவள் கையை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம், எத்தனை சொன்னாலும் பழக்கம் விடவில்லை, அவளுக்கும் எங்களுக்கும். முதலில் சூப் வந்தது. அவள் எட்டிப் பிடித்து இடது கையில் ஸ்பூனை எடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனவர், அடுத்த தட்டு வரும்போது அவளுடைய தண்ணீர்க் கிளாஸை இடப்பக்கம் நகர்த்தி, முள்கரண்டியை இடது கைக்கு வாகாக மாற்றி வைத்தார். ஐஸ்கிரீம் வந்தபோது ஸ்பூன் இடப்பக்கம்தான் இருந்தது. பேத்திக்கு இது தெரியக்கூட இல்லை. நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். என் அப்பாவும் யார் தயிருக்குச் சர்க்கரை கேட்பார், யார் ரசத்தைக் கையில் வாங்கிக் குடிப்பார் என்று மனதில் வைத்திருந்தவர்தான்.

பில் வந்தது. கவர் சார்ஜ் 170 டாலர், அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ் 30 டாலர் 60 சென்ட், மொத்தம் 200 டாலர் 60 சென்ட். சாப்பிடுவதற்கு முன்பே கேபின் கணக்கில் ஏறிவிட்ட தொகைதான். கையெழுத்துப் போட ஒரு சீட்டு மட்டும் கொடுத்தார். அதில் கீழே இன்னும் ஒரு காலியிடம், கூடுதல் டிப்ஸ் எழுதுவதற்கு. அவர் அந்த இடத்தின்மேல் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தபடி, 18 சதவீதம் ஏற்கனவே இருக்கிறது, நீங்கள் ஒன்றும் எழுத வேண்டியதில்லை என்று சொன்னார். மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டார். அமெரிக்காவில் அப்படிச் சொல்கிற சப்ளையரை அவர் பார்த்ததே இல்லையாம்.

நாலாம் நாள் ஸ்காக்வே. பகலெல்லாம் மலை ரயிலில் போய்விட்டு வந்து, இரவு ஸ்டேக் ஓட்டல். பேத்தியைக் குழந்தைகள் அறையில் விட்டுவிட்டு நாங்கள் நால்வர் மட்டும். ஆளுக்கு 60 டாலர். நேராகச் சொல்லிவிடுகிறேன், சைவக்காரர்கள் அங்கே போக வேண்டாம். என் மனைவிக்குக் கிடைத்தது சுட்ட உருளைக்கிழங்கு, வதக்கிய காளான், பாலாடையில் வேகவைத்த கீரை. எல்லாம் ஸ்டேக்குக்குத் தொடுகறி. எனக்கு வந்த சால்மன் மீன் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை தன் ஸ்டேக்கைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

அங்கே வந்த சப்ளையர் இளைஞர், வேகம் வேகம். உட்கார்ந்த உடனேயே கூடுதல் விலையுள்ள ஐட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். கவர் சார்ஜுக்கு மேலே சிங்கி இறாலுக்கு இவ்வளவு, இந்த ஸ்டேக்குக்கு இவ்வளவு, ஒயின் பாட்டிலுக்கு இவ்வளவு. வேண்டாம் என்று சொன்ன பிறகும் இரண்டு தடவை வந்து கேட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்கு மேலே இருக்கிறவர் எவ்வளவு விற்றாய் என்று ராத்திரி கேட்பார் என்பது அந்தப் பையன் முகத்திலேயே எழுதியிருந்தது.

சீட்டு வந்தது. மடித்து, பேனாவோடு. காலியிடத்தில் விரலை வைத்து, டீமுக்காக என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நகர்ந்தார். மாப்பிள்ளை பேச்சுச் சுவாரஸ்யத்தில் 50 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நான் கேபின் டிவியில் கணக்கைப் பார்த்தேன். வங்கியில் இருந்த பழக்கம், தினமும் பார்ப்பேன். கவர் சார்ஜ் 240, அதற்கு 18 சதவீதம் 43 டாலர் 20 சென்ட், பிறகு தனியாக 50. ஆக 240 டாலர் சாப்பாட்டுக்கு 93 டாலர் 20 சென்ட் டிப்ஸ், கிட்டத்தட்ட 39 சதவீதம். மாப்பிள்ளையிடம் காட்டினேன். “மாமா, அது சேர்ந்திருக்கிறது என்று நான் கவனிக்கவே இல்லை” என்றார். அவர்மேல் தப்பில்லை. அந்தச் சீட்டை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 18 சதவீதம் என்பது பொடி எழுத்தில் சர்வீஸ் என்ற பெயரில் மேலே எங்கேயோ இருக்கிறது. கீழே டிப்ஸ் என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் கோடு. சியாட்டிலில் காபி வாங்கினாலே 18, 20, 22 என்று திரை கேட்கும், எழுதி எழுதிப் பழகிய கை எழுதிவிடும். நாற்பது வருஷம் வவுச்சர் பார்த்தவன் சொல்கிறேன், அந்தச் சீட்டு ஆளை ஏமாற வைப்பதற்கென்றே அச்சடித்த சீட்டு. இதுதான் என் புகார், கம்பெனிமேல்.

வரவேற்புக் கவுண்டரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் மரியாதையாக விளக்கினாள். 18 சதவீதம் அந்த ஓட்டலில் வேலை செய்கிறவர்களுக்குள் பிரியும், சீட்டில் எழுதிய 50 அந்தச் சப்ளையருக்கும் அவருடைய உதவியாளுக்கும் போகும், விரும்பினால் இப்போதே நீக்கித் தருகிறேன் என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். கொடுத்த காசைத் தட்டிலிருந்து திருப்பி எடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சீட்டை மட்டும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தக் கவுண்டரில் நிற்கும்போது நான் பார்த்த இன்னொரு காட்சிதான் இதை எழுதவே வைத்தது. எனக்கு முன்னால் நின்ற நம்மூர்க் குடும்பம் ஒன்று, கேபின் கணக்கில் கம்பெனி தானாகவே ஏற்றும் தினசரி டிப்ஸை மொத்தமாக நீக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் கப்பலில் அது தலைக்கு நாளுக்கு 18 டாலர், குழந்தைக்கும் சேர்த்து. எங்கள் ஐந்து பேருக்கு ஏழு நாளைக்கு 630 டாலர். சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்றக் கப்பல்களிலும் அப்போது ஏறத்தாழ இதுதான்: ராயல் கரீபியன் கம்பெனி 2023 நவம்பரிலிருந்து சாதாரண அறைக்கு 18 டாலர் வாங்கியது, நார்வீஜியன் கம்பெனி 20. கவுண்டரில் கேட்டால் நீக்கித் தருவார்கள் என்பதும் உண்மை. முதல் நாளே போய் நீக்கிவிடுங்கள், ஐநூறு டாலர் மிச்சம் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். காலையும் மாலையும் அறையைச் சுத்தம் செய்கிறவர், சாப்பாட்டுக் கூடத்துச் சப்ளையர், அவருடைய உதவியாள், நாம் கண்ணாலேயே பார்க்காத இன்னும் பலர். கரையில், வாஷிங்டன் மாநிலத்தில் சப்ளையருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு, 2024-இல் மணிக்கு 16 டாலர் 28 சென்ட். டிப்ஸ் அதற்கு மேலே. டிப்ஸ் வாங்கும் ஆட்களுக்கு முதலாளி 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்ற மத்தியச் சட்டம் 1991 முதல் அப்படியே இருக்கிறது, ஆனால் சியாட்டிலில் அது செல்லாது. கப்பலில் ஏறிவிட்டால் இரண்டுமே கிடையாது. பஹாமாஸ், பனாமா என்று ஏதாவது ஒரு நாட்டுக் கொடியில் ஓடும் கப்பல்கள் அவை. வேலைக்காரர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு சர்வதேசக் கடல் தொழிலாளர் ஒப்பந்தம். அது சொல்கிற ஓய்வே 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்துக்கு 77 மணி. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், அதுவரை வாரத்தில் ஒரு நாள்கூட முழு விடுமுறை கிடையாது. அந்தப் பாலிக்காரர் தன் மகனை எட்டு மாதமாகப் பார்க்கவில்லை. பேத்தியின் வயதுதான் அவனுக்கும் என்று கடைசி நாள் சொன்னார்.

நம் நாட்டில் ஓட்டல்காரர்கள் சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகப் போடக் கூடாது என்று 2022-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்று தீர்ப்புக் கொடுத்தது. நானும் அது நியாயம் என்றுதான் சொல்வேன். கப்பல் கம்பெனிகளும் டிக்கெட் விலையிலேயே சேர்த்து, நல்ல சம்பளமாகக் கொடுத்துவிட வேண்டும். முடியாத காரியமில்லை, பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019-இல் தினசரி டிப்ஸை எடுத்துவிட்டது. மற்றவர்கள் அப்படி மாறும் வரைக்கும், கம்பெனிமேல் இருக்கும் கோபத்தைத் தட்டு கழுவுகிறவர் காசில் காட்டுவது என்ன நியாயம்? சேவை சரியில்லை என்றால் அன்றைக்கே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அநேகமாக அங்கேயே சரியாகிவிடும்.

அப்படியானால் தனிக்காசு ஓட்டலில் கூடுதலாக எவ்வளவுதான் கொடுப்பது? நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. பில்லில் 18 அல்லது 20 சதவீதம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரிய அமெரிக்கக் கப்பல்களில் அநேகமாக இருக்கும், இருந்தால் சீட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாக்கேஜில் இலவசம் என்று சொன்ன சாப்பாட்டுக்கும் சில கம்பெனிகள் இந்தச் சதவீதத்தைத் தனியாக வாங்குகின்றன, டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது மனசு வைத்து நமக்கென்று ஒன்று செய்தால், அவர் கையில் நேராக 5 அல்லது 10 டாலர் நோட்டு. கப்பலுக்குள் எல்லாம் அட்டைதான், அதனால் கரையிலேயே சில்லறை நோட்டு வாங்கிக்கொண்டு ஏறுவது நல்லது.

கடைசி இரவு நானும் மனைவியும் மட்டும் மறுபடி அந்த இத்தாலிய ஓட்டலுக்குப் போனோம். 80 டாலர், அதோடு 14 டாலர் 40 சென்ட். முந்தின நாளே சொல்லிவைத்தால் மெனுவில் இல்லாததும் செய்து தருவார்கள் என்று அந்தப் பாலிக்காரர் சொல்லியிருந்தார், மனைவி சும்மா ஒரு பேச்சுக்குப் பருப்பு கேட்டிருந்தாள். சோறு, மஞ்சள் போட்ட பருப்பு, சீரகம் தாளித்த உருளைக்கிழங்கு மூன்றும் வந்தன. சமையலறையில் கோவாக்காரர் ஒருவர் இருக்கிறாராம், அவரிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். வேறு ஓட்டலின் சமையல்காரர், அவருக்கு இது வேலையே இல்லை. பருப்பில் உப்பு ஒரு கல் தூக்கல். மனைவி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது ஓர் உறையில் 20 டாலர் வைத்துக் கொடுத்தேன், பாதி அந்தச் சமையல்காரருக்கு என்று சொல்லி. பார்க்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். பிறகு கொஞ்சம் தயங்கி ஒன்று கேட்டார். ஊருக்குப் போனதும் கம்பெனியிலிருந்து கருத்துக் கேட்டு ஒரு ஈமெயில் வரும், அதில் முடிந்தால் என் பெயரை எழுதுங்கள், அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அதைத்தான் பார்ப்பார்கள் என்றார். காசைவிட அதைத்தான் அவர் பெரிதாக நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

சியாட்டில் வந்த மூன்றாம் நாள் அந்த ஈமெயில் வந்தது. நாற்பது கேள்விக்கு மேல் இருக்கும், பாதியில் விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். பெயர் எழுதும் கட்டம் கடைசியில்தான் வருகிறது. ஓர் எழுத்துப் பிசகினால் வேறு யாருக்காவது போய்விடும் என்று மனைவி தன் செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி, அவர் சட்டையிலிருந்த பட்டையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். நான் தட்டினேன். கோவாக்காரருடையதையும் கேட்டு வாங்கியிருந்தோம், அதையும் தட்டினேன். ஸ்டேக் ஓட்டல் பையன் பெயரை எழுதலாமா என்று யோசித்தோம். எழுதுங்க, பாவம், ஓடி ஓடித்தானே கொண்டுவந்து வைத்தான் என்றாள்.